சிலம்பு சொல்லும் ஊழும் நாம் சொல்லும் தலையெழுத்தும்

(வெலிமடையில் நடைபெற்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



துன்பத்தில் முடியும் காதற் கதைகளிலே விதிக்குள்ள பங்கு யாது என்பதைப் பற்றி இவ்வவையிலே சில வார்த்தைகள் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தார்கள். பல்கலைக்கழகத்திலே இன்னும் படித்துக்கொண்டிருக்கும் யாம், வாழ்ந்து பழுத்த பெரியோர் முன்னிலையில் விதியைப் பற்றிப் பேசுவது, நீந்தப் பழகுபவன் மீகாமனுக்குக் கடலைப் பற்றிச் சொல்வது போலாகும். ஆயினும் காதல் இளைஞரைச் சார்ந்தது. விதி முதியோர் வாயில் அடிக்கடி வருவது. இரண்டும் சந்திக்கும் இடத்தைப் பற்றி, இரு சாராரும் ஒருங்கே கூடியிருக்கும் இம்மண்டபத்திலே பேசாது வேறெங்கே பேசுவது என்ற எண்ணமே எமக்குத் துணிவைத் தந்தது.

நம் மலையகத்துக்கு இப்பொருள் புதியதன்று. மாசி மாதம் வந்ததும் தோட்டங்களிலே காமன் ஊன்றி, தப்பு முழங்க, ரதி மன்மதன் கூத்து ஆடும் வழக்கம், நம் பாட்டன்மார் கடல் கடந்து வந்தபோது கூடவே கொண்டுவந்த செல்வம். இன்றும் அது அற்றுப் போகவில்லை. தேவர்கள் ஏவ, சிவபெருமானின் தவத்தைக் கலைக்கப் புறப்படுகிறான் மன்மதன். போகவேண்டாம் என்று தடுக்கிறாள் ரதி. அவன் போகிறான், நெற்றிக்கண்ணின் நெருப்பிலே சாம்பலாகிறான். ரதி புலம்பும்போது லயத்துப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வதை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். கூத்து முடிந்து வீடு திரும்பும்போது, "எல்லாம் அவனவன் தலையெழுத்து" என்று ஒரு பெருமூச்சு எழும். மன்மதனை அனுப்பியவர்கள் தேவர்கள். அவர்களைப் பற்றி அப்பெருமூச்சிலே ஒரு சொல்லும் இராது. இந்தப் பெருமூச்சைத்தான் இன்று நாம் ஆராய விரும்புகிறோம்.

முதலிலே சொற்களைப் பார்ப்போம். தலையெழுத்து என்று சொன்னால், எழுதியவன் வேறொருவன், சுமப்பவன் நான். எழுதும்போது என்னை யாரும் கேட்கவில்லை. அழிக்கவும் எனக்கு வழியில்லை. ஆனால் நம் பழைய நூல்கள் பெரிதும் வழங்கும் சொல் ஊழ்வினை என்பது. வினை என்றால் செயல். செய்தவன் ஒருவன் இருந்தாலன்றிச் செயல் இல்லை. ஆகவே ஊழ்வினை என்று சொன்ன மாத்திரத்திலேயே, இது யார் செய்த வினை என்ற கேள்வி கூடவே பிறந்துவிடுகிறது. தலையெழுத்து என்ற சொல்லிலே அக்கேள்வி பிறப்பதற்கு முன்பே புதைக்கப்படுகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள தூரம், மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரமாகும்.

இதனை எடுத்துக்காட்ட யாம் தேர்ந்துகொண்ட கதை கோவலன் கண்ணகி கதை. உ. வே. சாமிநாதையர் அவர்கள் சிலப்பதிகாரத்தை உரையுடன் அச்சிட்டு வெளியிட்டது 1892ஆம் ஆண்டில். அதற்கு முன்னரும் நம் மக்கள் இக்கதையை அறியாமல் இருந்ததில்லை. கூத்தாகவும் அம்மன் வழிபாடாகவும் அது வாழ்ந்தே வந்தது. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது, கடல் சூழ்ந்த இலங்கையின் மன்னன் கயவாகுவும் அங்கே இருந்தான் என்று அந்நூலே சொல்கிறது. மட்டக்களப்பிலே கண்ணகை அம்மனுக்கு வைகாசியிலே குளிர்த்தி நடக்கிறது. சிங்கள மக்கள் அவளையே பத்தினித் தெய்வம் என்று போற்றுகிறார்கள். கண்டிப் பெரஹராவிலே பத்தினி தேவாலயத்தின் ஊர்வலமும் சேர்ந்தே வருகிறது. இந்நாட்டின் இரு மொழியாரும் கையெடுத்துக் கும்பிடும் ஒரு பெண்ணின் கதையை நாம் பேசுகிறோம் என்பதை நினைவிற் கொள்க.

இந்நூல் மூன்று உண்மைகளை நிலைநாட்ட எழுந்தது என்று அதன் பதிகமே கூறும். ஆட்சியிலே தவறு செய்தவனுக்கு அறமே கூற்றாகும் என்பது ஒன்று. பத்தினியைப் பெரியோரும் போற்றுவர் என்பது ஒன்று. முன்செய்த வினை தேடி வந்து தன் பயனை ஊட்டும் என்பது மூன்றாவது. நாம் பெரும்பாலும் மூன்றாவதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, முதலாவதை மறந்துவிடுகிறோம். இளங்கோவடிகள் அவ்விரண்டையும் ஒரே மூச்சிலே சொல்லியிருக்கிறார். ஊழ் உண்டு என்று சொன்ன அதே வாய்தான், தவறிய அரசன் தண்டனைக்குத் தப்ப முடியாது என்றும் சொன்னது. எல்லாம் ஊழே என்றால், அரசனைக் குற்றவாளியாக்குவது எவ்வாறு பொருந்தும்? இவ்வினாவுக்கு விடை கதைக்குள்ளேயே இருக்கிறது.

கதையின் தொடக்கத்தைப் பாருங்கள். கண்ணகிக்குப் பன்னிரண்டு வயது, கோவலனுக்குப் பதினாறு. சந்திரன் உரோகிணியோடு சேர்ந்த நன்னாளிலே, மாமுது பார்ப்பான் முன்னின்று நடத்த, தீவலம் வந்து மணம் முடித்தார்கள். நாளிலும் குறையில்லை, கோளிலும் குறையில்லை, குலத்திலும் பொருளிலும் குறையில்லை. இன்று நம்மிடையே சாதகக் கட்டைக் கையிலே வைத்துக்கொண்டு, பத்துப் பொருத்தத்தில் எட்டுத்தான் இருக்கிறது என்று நல்ல வரனையும் நல்ல பெண்ணையும் பிரித்து வைக்கும் பெரியோர்கள் இதனைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். அத்தனை பொருத்தமும் பார்த்துச் செய்த மணம் அது. அது கெட்டது, கோவலன் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் கொடுத்து மாதவியின் மாலையை வாங்கிய அன்றைக்கு. அந்தப் பொன்னை எண்ணிக் கொடுத்த கை கோவலனுடைய கை.

அப்பால் இந்திர விழா முடிந்து கடற்கரையிலே யாழோடு பாட்டு நடக்கிறது. கோவலன் பாடியதிலே வேறொருத்தியின் நினைவு இருப்பதாக மாதவி எண்ணினாள். விளையாட்டாக அவளும் வேறொருவனை எண்ணினாற்போலப் பாடினாள். அவன் ஐயுற்று எழுந்து போய்விட்டான். இவ்விடத்திலே, யாழிசையைச் சாக்காகக் கொண்டு ஊழ்வினை வந்து மூண்டது என்ற கருத்தை இளங்கோவடிகள் சொல்கிறார். ஊழ் எந்த உருவத்திலே வந்தது என்று பாருங்கள். இடியாக வரவில்லை, மின்னலாக வரவில்லை. நேரே கேட்டுத் தெளிந்திருக்க வேண்டிய ஒரு சந்தேகத்தைக் கேளாமல் விட்ட அவசரமாக வந்தது. மாதவி பின்னர் ஒன்றுக்கு இரண்டு திருமுகம் எழுதினாள். முதலாவதை வாங்கவே மறுத்தான். இரண்டாவது, ஊரைவிட்டு மதுரைக்குப் போகும் வழியிலே கிடைத்தது. அதைப் படித்தபின்புதான் குற்றம் அவளுடையதன்று, தன்னுடையது என்று உணர்ந்தான்.

மதுரையிலே நடந்தவை யாவரும் அறிந்தவை. ஆயினும் சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்ட விரும்புகிறோம். அரசியின் சிலம்பைத் திருடியவன் ஒரு பொற்கொல்லன். தன் திருட்டை மறைக்க அவன் பொய் சொன்னான். அரசனோ ஊடல் கொண்டு போன தேவியைத் தேற்றும் அவசரத்திலே இருந்தான். விசாரணை என்ற ஒன்றை எண்ணாமலே, சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவருக என்றான். போன காவலர்கள் கோவலனின் முகத்தைப் பார்த்து, இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று தயங்கினார்கள். நல்ல மனிதரும் அக்கூட்டத்தில் இருந்திருக்கிறார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். தயங்கிய அவர்களுக்குப் பொற்கொல்லன் களவு நூலை விரித்து உபதேசம் செய்தான். அவர்கள் தயங்கினார்களேயன்றித் தடுக்கவில்லை. கல்வியற்ற குடிவெறியன் ஒருவன் வாளை வீசிவிட்டான். பொய் சொன்னவன் ஒருவன், விசாரியாதவன் ஒருவன், தயங்கி நின்றவர் சிலர், வீசியவன் ஒருவன். இவர்களிலே எவனேனும் ஒருவன் தன் கடமையைச் செய்திருந்தால் கோவலன் மாலையிலே வீடு திரும்பி, மாதரி வீட்டிலே கண்ணகி ஆக்கிய சோற்றை மறுபடியும் உண்டிருப்பான்.

இனிக் கண்ணகியிடம் வருவோம். கணவன் தன்னை விட்டுப் பிரிந்திருந்த காலத்திலே அவள் ஒரு தீக்கனாக் கண்டாள். அயலூரிலே அவன்மேல் பழி விழுவதாகக் கண்ட அக்கனவைத் தோழி தேவந்தியிடம் சொன்னபோது, சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் துறைகளிலே மூழ்கிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் கணவன் திரும்புவான் என்று தேவந்தி பரிகாரம் சொன்னாள். அது தனக்குப் பெருமை தருவதன்று என்று கண்ணகி மறுத்துவிட்டாள். விதியைக் கண்டு பயந்து ஓடிப் பரிகாரம் தேடும் பெண்ணல்லள் அவள். அடங்கி ஒடுங்கியவள் என்று நாம் எண்ணும் கண்ணகியின் முதுகெலும்பு அங்கேயே தெரிகிறது.

அவளே, கணவன் கொலையுண்டான் என்று கேட்டபோது, என் தலைவிதி என்று தலையில் அடித்துக்கொண்டு ஆயர் சேரியிலே உட்கார்ந்துவிடவில்லை. எஞ்சியிருந்த ஒற்றைச் சிலம்பைக் கையில் எடுத்தாள். அரண்மனை வாயிலுக்குப் போனாள். அரசன் முன்னே நின்று வழக்குரைத்தாள். கள்வனைக் கொல்வது அரச நீதி என்று அரசன் சொன்னபோது அவள் வாதாடவில்லை, சான்று காட்டினாள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். எம்முடையது முத்து என்றான் அரசன். உடைத்தார்கள்; மாணிக்கம் தெறித்தது. தமிழ் இலக்கியத்திலே ஒரு பெண், அதிகாரத்தின் முன்னே சான்றோடு நின்று நீதி பெற்ற இடம் அது.

அப்போது பாண்டியன் நெடுஞ்செழியன் என்ன செய்தான்? ஊழ் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள அவனுக்கு நல்ல வாய்ப்பு இருந்தது. அமைச்சர்களும் ஆமாம் என்றிருப்பார்கள். அவன் அவ்வாறு சொல்லவில்லை. நான் அரசனல்லன், நானே கள்வன் என்று தன் தலைமேல் பழியை ஏற்று, அரியணையிலிருந்து விழுந்து உயிர் விட்டான். அதனாலேயே அவனை நாம் வெறுக்க முடியவில்லை. அவைக்களத்திலே ஊழ் என்ற சொல்லை அரசன் உச்சரிக்கவில்லை; ஊழ்வினை துரத்த வந்ததாகச் சொன்ன கண்ணகியும் அதனால் தன் வழக்கைக் கைவிடவில்லை.

பின் அதை ஆறுதலாகச் சொன்னது யார்? மதுராபதித் தெய்வம், அதாவது அந்நகரத்தைக் காக்கும் தெய்வம். எப்போது சொன்னது? எல்லாம் நடந்து முடிந்து, நகரம் எரிந்துகொண்டிருக்கும்போது, கண்ணகியின் சினத்தைத் தணிப்பதற்காகச் சொன்னது. முற்பிறப்பிலே கோவலன் பரதன் என்ற பெயரோடு, கலிங்க நாட்டுச் சிங்கபுரத்திலே அரசனிடம் பணியாற்றியவன். அங்கே அணிகலன் விற்க வந்த சங்கமன் என்ற வணிகனைப் பகைவரின் ஒற்றன் என்று பொய்யாகப் பிடித்துக் கொடுத்துக் கொல்வித்தான். வணிகனின் மனைவி நீலி பதினான்கு நாள் அழுது திரிந்து, மலையேறி உயிரை விடும்போது சபித்தாள். அந்த வினையே இன்று பலித்தது என்று தெய்வம் சொன்னது.

இக்கதையை ஊன்றிப் பாருங்கள். அணிகலன் விற்க வந்த அயலூரான், ஒரு பொய்க் குற்றச்சாட்டு, விசாரியாத அரசு, அழுது திரியும் மனைவி. முற்பிறப்பிலும் இதுவே நடந்தது, இப்பிறப்பிலும் இதுவே நடந்தது. இளங்கோவடிகள் காட்டும் ஊழ் கண்ணில்லாத ஒரு சக்தியன்று. மனிதனுக்கு மனிதன் செய்த அநீதி, விசாரிக்கப்படாமலே போனால், மீண்டும் மீண்டும் வேறு பெயரிலே பிறக்கிறது. அதற்குத்தான் அவர் ஊழ் என்று பெயர் வைத்தார் என்பது எமது துணிபு.

அதை எழுதியவரின் சொந்தக் கதையும் இதற்குச் சான்று சொல்கிறது. செங்குட்டுவனும் இளங்கோவும் தந்தையின் பக்கத்திலே இருந்தபோது, நிமித்தம் சொல்பவன் ஒருவன், அரசாளும் இலக்கணம் இளையவனுக்கே உண்டு என்று சொன்னானாம். தமையன் மனம் நோகுமே என்று, அக்கணமே துறவு பூண்டார் இளங்கோ. சோதிடன் எழுதிய தலையெழுத்தைத் தம் கையாலே அழித்தவர் அவர். ஊழின் வலிமையைப் பாடிய பெருங்கவிஞர், தம் வாழ்விலே ஊழுக்கு அடிபணியவில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

நம் சமயமும் இதற்கு மாறாக ஒன்றும் சொல்லவில்லை. வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாக வகுத்தது சைவ சித்தாந்தம். சேர்ந்து கிடப்பது ஒன்று. இப்போது நுகர்வது ஒன்று. இனி வருவதற்காக இன்று நாம் செய்வது ஒன்று. மூன்றாவது நம் கையிலே இருக்கிறது. வள்ளுவரும் முப்பத்தெட்டாம் அதிகாரத்திலே ஊழைவிட வலியது வேறில்லை என்ற கருத்தைச் சொன்னவர், அறுபத்திரண்டாம் அதிகாரத்திலே, தளராமல் முயல்பவர் அந்த ஊழையும் தோற்கடிப்பர் என்ற கருத்தையும் சொல்லியே இருக்கிறார். ஒரே புலவர் இரண்டையும் சொன்னாரே என்று மயங்க வேண்டியதில்லை. நடந்துபோனதற்கு மனம் ஆற ஒரு சொல் வேண்டும். நடக்கவிருப்பதற்கு எழுந்து நிற்க ஒரு சொல் வேண்டும். இரண்டையும் அவர் தந்தார்.

மிஷன் பாடசாலையிலே பயின்ற எமக்கு, இவ்விடத்திலே ஆங்கில நாடகம் ஒன்று நினைவுக்கு வருகிறது. அதைச் சொல்வது நம் அவைக்குப் புறம்பானதென்று யாரும் எண்ணவேண்டாம். மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலே கற்ற நம் விபுலாநந்த அடிகளே, 1926ஆம் ஆண்டில் மதங்க சூளாமணி என்ற நூலிலே சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழருக்கு விளக்கினார். அவரே 1947இல் யாழ்நூலைத் தந்து சிலம்பின் இசையைத் துலக்கினார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது அவர் காட்டிய வழி.

ரோமியோவும் யூலியற்றும் பகைமை கொண்ட இரு குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களுக்கு நட்சத்திரங்களே பகையாய் அமைந்தன என்று நாடகத்தின் முன்னுரையே சொல்லிவிடுகிறது. ஆங்கிலேயரிடத்தும் சாதகம் உண்டு போலும்! ஆனால் நாடகம் நடக்க நடக்க நாம் காண்பது என்ன? வேறொருவனுக்குக் கட்டிக் கொடுக்கப் பெற்றோர் அவசரப்படுத்த, யூலியற் ஒரு துறவி கொடுத்த மருந்தை அருந்தி, இறந்தவள் போல உறங்குகிறாள். அந்த உண்மையை ரோமியோவுக்குச் சொல்லப் புறப்பட்ட கடிதம், கொள்ளைநோய்ப் பயத்தால் வழியிலே ஒரு வீட்டுக்குள் பூட்டப்பட்டுப் போய்ச் சேரவில்லை. இது விதி என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்தக் கடிதம் ஏன் களவாகப் போகவேண்டியிருந்தது? இரு வீட்டாரும் தெருவிலே வாளோடு நின்றபடியால். பகை இல்லையாயின் கடிதத்துக்கே தேவையில்லை. ரோமியோ வந்தான், இறந்தாள் என்றே நம்பினான், அவள் கண்விழிப்பதற்குச் சிறிது முன்னே நஞ்சுண்டான். அந்தச் சிறிது நேரம் பொறுத்திருந்தால் அது துன்பக் கதையே அன்று. இரு பிள்ளைகளின் உடலுக்கு மேலே நின்று பெற்றோர் கைகுலுக்கினார்கள். அக்கைகளை முன்னமே நீட்டியிருக்கக் கூடாதா?

பெரியோர்களே, இளைஞர்களே! கதைகளை இவ்வளவில் நிறுத்தி, நம் மலைகளுக்கு வருவோம். நம்மிடையே நடந்த துன்பங்களையும் நாம் தலையெழுத்து என்றே சொல்லிப் பழகினோம். இரண்டை மாத்திரம் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, கடல் பிரித்த காதல். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களிடம் சான்று கேட்டது. தகப்பன் இந்நாட்டிலே பிறந்தானா, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா, காட்டு என்றது. தேயிலைக்குக் கீழே புதைந்துபோன பாட்டனுக்குப் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தை எங்கே தேடுவது? கண்ணகியின் கையிலே ஒரு சிலம்பாவது மிஞ்சியிருந்தது. நம்மவர் பலரின் கையிலே அதுவும் இல்லை. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அவர்களும் லால் பகதூர் சாஸ்திரி அவர்களும் ஓர் ஒப்பந்தத்திலே கையெழுத்திட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சமுள்ள 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்றது அது. அந்த மிச்சத்தையும் 1974இல் 75,000, 75,000 என்று சரிபாதியாகப் பங்கிட்டார்கள். பிரிக்கப்பட்டவர்களிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரே லயத்திலே பிறந்து, ஒரே பிள்ளைக் காம்பராவிலே வளர்ந்து, ஒரே மலையிலே கொழுந்தெடுத்தவர்களுள் ஒரு வீட்டார் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர், அடுத்த வீட்டார் இலங்கைப் பிரஜைகள் என்றானது. பதுளையிலும் பண்டாரவளையிலும் கோச்சியேறி, தலைமன்னாரிலே கப்பலேறி, இராமேஸ்வரத்திலே இறங்கி, நீலகிரி மலைகள் வரைக்கும் போனவர்கள் எத்தனையோ பேர். தட்டுமுட்டுச் சாமானோடு சேர்த்து எடுத்துச் செல்ல முடியாதவை சில உண்டு. வாக்குக் கொடுத்து வைத்த காதல் அவற்றில் ஒன்று. புகையிரத மேடையிலே ஒருவரையொருவர் பாராததுபோல நின்று பார்த்துக்கொண்டவர்களின் கதையைப் பாடச் சிலப்பதிகாரம் ஒன்று எழவில்லை. 1984இல் போரினால் அந்தக் கப்பலும் நின்றது. அவர்களைக் கேட்டால், "நமக்குக் கொடுத்து வைக்கவில்லை" என்பார்கள். அந்த ஆறுதலை அவர்களிடமிருந்து பறிக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் நாம், பின் பிறந்தவர்கள், அதையே திருப்பிச் சொல்லலாகாது. கையெழுத்திட்டவர்களின் பெயர் தெரியும், திகதி தெரியும், எண்ணிக்கை தெரியும். பெயரும் திகதியும் உள்ள ஒன்று எப்படித் தலையெழுத்தாகும்? 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தினால், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கேயே இருந்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் மக்களுக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. பல்லாண்டு கேட்டுப் பெற்றது அது. பிரமன் எழுதியதை நாடாளுமன்றம் அழிக்க முடியாது. மனிதன் எழுதியதைத்தான் அழிக்க முடியும்.

இரண்டாவது, சொல்லவே நாக் கூசும் ஒன்று. ஆயினும் சொல்லியாக வேண்டும். உருளைக்கிழங்கும் கோவாவும் போஞ்சியும் விளையும் நம் வெலிமடைப் பகுதியிலே, தோட்டத்துக்கு அடிக்கும் கிருமிநாசினியை நாம் "மருந்து" என்றே அழைக்கிறோம். காதலுக்குப் பெற்றோர் இணங்காதபோதும், வீட்டிலே ஒரு வார்த்தை தடித்தபோதும், அந்த மருந்தே நஞ்சாகி நம் பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று. 1995ஆம் ஆண்டளவிலே இந்நாட்டில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். உலகத்திலே மிக உயர்ந்த விகிதங்களுள் அதுவும் ஒன்று. சாவு வீட்டிலே, "அவ்வளவுதான் அதற்கு ஆயுசு" என்று சொல்லி நாம் கலைந்து போனோம்.

நடந்தது என்ன என்பதைக் கேளுங்கள். 1995இலும் 1998இலும் மிகக் கொடிய நச்சு மருந்துகள் சிலவற்றின் இறக்குமதியை அரசாங்கம் தடைசெய்தது. அடுத்த பத்து ஆண்டுகளுக்குள்ளே அந்த விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வறுமை அதற்குள் ஒழிந்துவிடவில்லை, காதலும் ஒழியவில்லை, பெற்றோரின் பிடிவாதமும் ஒழியவில்லை. கொடிய போத்தல் மாத்திரம் கைக்கெட்டாமல் போயிற்று. மருத்துவமனைகளிலே பிழைத்தவர்களை விசாரித்தபோது, மிகப் பலர் அரைமணி நேரங்கூட யோசியாமல் அச்செயலைச் செய்தவர்கள் என்று தெரியவந்தது. அந்த அரைமணி நேரம் கடந்திருந்தால் அவர்களும் ஒரு கோபத்தை மறந்துபோன மனிதராக எழுந்து முகங்கழுவியிருப்பார்கள். யூலியற் கண்விழிக்கும்வரை ரோமியோ பொறுக்காத அந்தச் சிறிது நேரமே இதுவும். ஒரு போத்தலைப் பூட்டி வைத்தால் மாறிவிடுகிற ஒன்றை, விதி என்று எவ்வாறு சொல்வோம்?

ஆகவே நாம் சொல்ல வந்தது இதுதான். விதி என்பது நடந்து முடிந்தபின், அழுதவர் கண்ணைத் துடைக்கச் சொல்லும் சொல். மதுராபதித் தெய்வம் அதை அந்த நேரத்திலேதான் சொன்னது. கண்ணகி தன் வழக்கை உரைத்து, நீதியைப் பெற்ற பின்புதான் அதைக் கேட்டாள். வழக்குரைக்கும் முன்பே அச்சொல்லைக் கேட்டிருந்தால், பொற்கொல்லன் தப்பியிருப்பான். கோவலன் கள்வன் என்ற பெயரோடே போயிருப்பான். மதுரையை எரித்த தீயை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. அரண்மனை வாயிலிலே அவள் எழுப்பிய கேள்வியைப் பின்பற்றினால் போதும்.

பெரியோர்களே! உங்களிடம் பணிவோடு ஒன்று வேண்டுகிறோம். பிள்ளைகள் வந்து ஒருவரை விரும்புவதாகச் சொன்னால், சாதியையும் சாதகத்தையும் எடுப்பதற்கு முன்னே, அவர்கள் சொல்வதை ஒரு மாலைப்பொழுதேனும் உட்கார்ந்து கேளுங்கள். விசாரியாமல் தீர்ப்புச் சொன்ன பாண்டியன் நல்லவன்தான். அன்று அவன் கொண்ட அவசரமே அவனைக் கொன்றது.

இளைஞர்களே! உங்களிடமும் ஒன்று. கோவலன்போலக் கேளாமல் ஐயுற்று எழுந்து போகாதீர்கள். ரோமியோபோல விடியுமுன் முடிவு கட்டாதீர்கள். மனம் இருண்டுபோன இரவிலே ஒரு நண்பனின் கதவைத் தட்டுங்கள். 1926 என்ற இலக்கத்தை அழைத்தால், தேசிய மனநல நிறுவகத்தார் பேசுவதற்கு இருக்கிறார்கள். நம் சங்கத்து அங்கத்தவர் ஒவ்வொருவரும், பக்கத்துக் காம்பராவிலே ஒருவன் இரண்டு நாளாக வாய்திறவாமல் இருக்கிறான் என்று கண்டால், போய்ப் பக்கத்திலே உட்காரக் கடமைப்பட்டவர். அன்று கோவலனின் முகத்தைப் பார்த்து, இவன் கள்வனல்லன் என்று உணர்ந்தும், ஓரடி முன்வைக்காமல் நின்ற காவலர்களைப் போல நாம் நிற்கலாகாது.

வீட்டிலே மருந்துப் போத்தல் இருந்தால் இன்றைக்கே அதைப் பெட்டியிலிட்டுப் பூட்டித் திறப்பை மூத்தவரிடம் கொடுங்கள். இது சிறிய காரியம். சிறிய காரியங்கள் சேர்ந்தே ஊழாகின்றன என்பதைச் சிலம்பு நமக்குக் காட்டுகிறது; நல்லவற்றைச் சேர்த்தால் நல்ல ஊழும் ஆகும் என்பது எமது நம்பிக்கை.